கும்பிட்டு வைத்த சாமணம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொள்வேன். போவது என்னவோ உண்மைதான். அது யார் மேல் விழுந்துவிட்டுப் போகிறது என்று திரும்பிப் பார்க்கிற வழக்கம் மட்டும் எனக்கு இருந்ததில்லை.

ஹொசகோட்டே பக்கம் ஒரு விதைக் கம்பெனியில் வேலை. வைட்ஃபீல்டில் குடியிருக்கிறேன் என்றாலே ஊரில் எல்லோரும் கம்ப்யூட்டர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நானும் திருத்துவதில்லை. கத்திரிச் செடியின் பூவில் சுண்டைக்காய்ப் பூவின் மகரந்தத்தைத் தடவி, இரண்டுக்கும் பிள்ளை பிறக்குமா என்று பார்ப்பது என் வேலை என்று சொன்னால், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சிரித்துப் புரையேறிக்கொள்கிறார். எதற்கு இந்த வீண் வேலை என்பவர்கள் வாடல் நோய் வந்த கத்திரித் தோட்டத்தைப் பார்த்ததில்லை. நேற்று காயும் பூவுமாக நின்ற செடி இன்று பச்சை மாறாமலே தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். தண்ணீர் ஊற்றினாலும் தேறாது. அதே மண்ணில் வேலியோரம் முளைத்த சுண்டைக்கு ஒன்றும் ஆகாது, கல்லுப் பிள்ளையார் மாதிரி நிற்கும். அந்தத் தெம்பைக் கத்திரிக்குள் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆனால் இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்று பேரே ஒழிய, சேரவே சேராது. ஒரு சுவர் என்றால் இடித்துவிடலாம். இங்கே சுவருக்குப் பின் சுவர். சுண்டையின் மகரந்தம் கத்திரியின் சூல்முடியில் விழுந்தால் பாதி நாள் முளைக்காது. முளைத்தாலும் அதன் குழாய் பாதி வழியில் நின்றுவிடும். மீறிப் போய்ச் சேர்ந்தால் பிஞ்சு உதிரும். உதிராத பிஞ்சை அறுத்தால் உள்ளே விதை உமியாக இருக்கும். எப்படியோ ஒரு விதை முளைத்துச் செடியாகிப் பூத்தால், அந்தப் பூவின் மகரந்தம் மலடு. இயற்கை இத்தனை தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கிறது. எங்கள் மேனேஜர் ஒருமுறை, "நோடி மேடம், இது இன்டர்காஸ்ட் மேரேஜ் மாதிரி" என்றார். எதைச் சொன்னாலும் 'நோடி', அதாவது 'பாருங்க', என்று கன்னடத்தில் ஆரம்பித்துவிட்டுத்தான் தமிழுக்கு வருவார். "சார், மனுசங்க எல்லாம் ஒரே இனம். அங்க தாழ்ப்பாள் போட்டது நாமதான். செடிய அந்தக் கேவலத்துக்குள்ள இழுக்காதீங்க" என்றேன். அன்றிலிருந்து என்னிடம் உவமை சொல்வதை நிறுத்திவிட்டார்.

பூவில் வேலை செய்தது நான் இல்லை. அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பிரேசர் டவுன் கிறிஸ்தவர், வீட்டுக்காரர் தவறிப்போய் இந்தக் காண்ட்ராக்ட் வேலையில் தனியாளாகக் குடும்பத்தை நடத்துகிறவர். பதினோரு வருடமாகப் பூக் கிள்ளுகிறார். நாளைக் காலை விரியப்போகிற மொட்டை இன்று சாயங்காலமே சாமணத்தால் பிரித்து, உள்ளே இருக்கிற மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். விட்டால் காலையில் கத்திரி தன் மகரந்தத்தைத் தானே பூசிக்கொண்டு வேலையை முடித்துவிடும். கிள்ளிய மொட்டில் மறுநாள் காலை சுண்டை மகரந்தத்தைத் தடவி, உறை போட்டு, காம்பில் சிவப்பு நூலால் ஒரு சீட்டுக் கட்டுவார். சீட்டில் இரண்டு வரி. கிள்ளிய தேதி, தடவிய தேதி. கான்வென்ட் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை மேடம் என்பார். கே.ஆர்.புரத்தில் கம்பெனி வேனில் ஏறினால் இருவருக்கும் ஒரே சீட்டு.

அந்த வருடம் சீசன் தொடங்கும்போதே மேனேஜர் சொல்லிவிட்டார். "ஒரு செடி. ஒரே ஒரு செடி காட்டுங்க. இல்லேன்னா காண்ட்ராக்ட் ஆளுங்களைக் குறைக்கச் சொல்றாங்க. முதல் பேர் யார்னு உங்களுக்கே தெரியும்." தெரியும். அதிக நாள் இருப்பவருக்குத்தான் அதிகக் கூலி. அக்காவுக்கும் அது தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. இந்த ஊரில் ஆயுத பூஜை என்றால் விளையாட்டில்லை. வேனுக்கு வாழைக்கன்று, நுண்ணோக்கிக்குச் சந்தனம், தராசுக்குப் பொட்டு, வாசலில் உடைக்கக் குங்குமம் அடைத்த பூசணிக்காய். எல்லாச் சாமணங்களையும் நானே ஸ்பிரிட்டில் துடைத்து, வெள்ளித் தட்டில் வரிசையாக அடுக்கி, குங்குமம் வைத்தேன். மூன்று மணிக்குத் தீபாராதனை முடிந்ததும் மேனேஜர் கிளம்பிப் போய்விட்டார். பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா மெல்ல வந்து தட்டின் மேல் கை நீட்டினார்.

"என்ன பண்றீங்க?"

"ஒம்போது மொட்டு நாளைக்கு விரியற மாதிரி இருக்கு மேடம். பத்து நிமிஷம். கிள்ளிட்டுத் தொடச்சு மறுபடி வச்சிடறேன்."

"கும்பிட்டு வச்சத எடுப்பாங்களாக்கா? நாளைக்குக் காலையில பூஜை பண்ணித்தான் எடுக்கணும்."

"பூவு லீவு போடாதே மேடம்."

அங்கேதான் சத்தம் போட்டேன். பொரி வாங்க நின்ற அத்தனை பேர் முன்னாலும். "உங்களுக்கு நம்பிக்கை இல்லேன்னா எங்களுக்கும் இருக்கக் கூடாதா? வைங்க கீழ!" அவர் தட்டைத் தொடக்கூட இல்லை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, "சரிங்க மேடம்" என்று பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். நாலு மணிக்குள் எல்லோரும் கிளம்பிவிட்டோம்.

மறுநாள் விஜயதசமி. மாலை போட்ட வேன் மாலையோடு நின்றுவிட்டது, டிரைவர் வரவில்லை. அக்கா எப்படியோ ஆட்டோ பிடித்து ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தார். நான் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மேடம், ஒம்போதும் விரிஞ்சிடுச்சு. விட்டுடட்டுமா?"

விடச் சொல்லியிருக்க வேண்டும். விதி அதுதான், அந்த விதியை அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சித் தாளை எழுதியதே நான்தான். ஆனால் சீசன் முடிகிற நேரம். ஒன்பது பூவை வீணாக்கியது யார் என்று கேட்டால் பதில் என் பக்கம் வரும்.

"மகரந்தப் பை வாய் திறந்திருக்கா?"

"லென்ஸ்ல மூடினாப்லதான் தெரியுது. ரெண்டுல மட்டும் டவுட்டா இருக்கு."

"டவுட்டெல்லாம் பாக்காதீங்க. சட்டுனு கும்பிட்டுட்டு எடுத்துக் கிள்ளுங்க, தடவிக் கட்டிடுங்க. கிள்ளின தேதி நேத்து தேதி போட்டுடுங்க."

"நேத்துத் தேதியா மேடம்?"

"தமிழ்லதானே சொல்றேன்?"

போட்டுவிட்டார். நான் ஒன்பதரைக்குப் போனபோது ஒன்பது சீட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பதிவேட்டில் அதே தேதியை ஏற்றி, கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.

வழக்கம்போல் பூக்கள் உதிர்ந்தன. அந்த ஒன்பதில் எட்டு ஒரே வாரத்தில் போயின. ஒன்று மட்டும் நின்றது. நின்றது மட்டுமில்லை, பெருக்கத் தொடங்கியது. கலப்பில் நிற்கிற காய் கோலிக்குண்டுக்கு மேல் வளராது. இது எலுமிச்சை அளவாகி, பிறகு என் உள்ளங்கையை நிறைத்தது. மேனேஜர் குழந்தையைத் தொடுவதுபோல் அதைத் தொட்டுப் பார்த்தார். தலைமை அலுவலகத்துக்குப் படம் போயிற்று. தை பிறந்ததும் பெரியவர்கள் நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. "அக்கா, உங்க கை ராசி!" என்று எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் காம்பைப் பிடித்துச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஆயுத பூஜைத் தேதி. எழுத்து தெரியாதபடி சீட்டைத் திருப்பி விட்டேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, கணக்காக வாதாடியது. பை மூடித்தானே இருந்தது? அதே காலையில் கட்டிய எட்டும் உதிர்ந்தனவே, அவை தம் மகரந்தத்தில் பிடித்திருந்தால் உதிருமா? என்றோ ஒரு நாள் எல்லாத் தாழ்ப்பாளும் திறந்துகொள்ளாதா? இப்படித் தினமும் வேனில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். ஹொசகோட்டே ரோட்டு நெரிசலில் வேன் நிற்கும்போதெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

மார்கழியில் காய் பழுத்தது. அறுத்தால் உள்ளே உமி இல்லை, விதை. கொழுத்த, மஞ்சள், வழவழப்பான விதை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே அக்காவைப் பார்த்தேன். அவர் ஒரு விதையை விரல்நுனியில் எடுத்து உருட்டிப் பார்த்து, தட்டிலேயே போட்டார்.

குளிரில் நாற்று மெதுவாகத்தான் வந்தது. முதல் இரண்டு இலையில் ஒன்றும் தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மூன்றாவது, நான்காவது இலையில்தான் ஜாதகம் தெரியும். சுண்டையின் ரத்தம் இருந்தால் இலை ஆழமாக வெட்டுப்படும், தண்டில் முள் எட்டிப் பார்க்கும். தினமும் முதல் ஆளாகப் போய் லென்ஸை வைத்துக்கொண்டு குனிந்தேன். தண்டைத் தடவித் தடவி முள் தேடினேன். ஒரு நாள் ஒன்றில் ஏதோ குத்தியது போலிருந்தது. கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன். பார்த்தால் தேங்காய் நாரில் ஒரு சிம்பு.

பின்னால் அக்கா நின்றிருந்தார். "மேடம், இது கத்திரி."

"இன்னும் நாலு நாள் போகட்டும்கா."

"நாப்பது நாள் போனாலும் கத்திரிதான். எனக்கும் தெரியுது, உங்களுக்கும் தெரியுது. சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்."

"டெஸ்டுக்கு இலை அனுப்பியிருக்கு. வரட்டும்" என்றேன். டெஸ்டு மேல் பழியைப் போட்டுவிட்டால் என் வாயால் சொல்ல வேண்டாமே.

டெஸ்டு வந்தது. எல்லா நாற்றும் தாயின் அச்சு. சுண்டையின் சுவடு எதிலும் இல்லை. பெரியவர்கள் வர நாலு நாள் இருந்தது.

மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் சீட்டு, பதிவேடு, கேட் ரிஜிஸ்டர் மூன்றும் விரித்துக் கிடந்தன. என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அக்கா நின்றார்.

"நோடி மேடம். சீட்டுல ஆயுத பூஜை அன்னைக்குக் கிள்ளினதா இருக்கு. மொட்டு கிள்றது அஞ்சு மணி வேலை. இங்க நாலு மணிக்கே எல்லாரும் அவுட். யார் கிள்ளினாங்க? பேயா?" அக்கா பக்கம் திரும்பினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார். என் கையெழுத்துதான்."

"பூஜை அன்னைக்கு டூல்ஸ் தொடமாட்டோம்னு எங்க ஆளுங்க சொன்னா புரிஞ்சுக்குவேன். நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்களுக்கென்ன பூஜை? சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு போயிட்டீங்க. மறுநாள் வந்து பொய்த் தேதி எழுதிட்டீங்க. மேடம் உங்கள நம்பி சைன் பண்ணிட்டாங்க. கரெக்டா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. ஒரு பார்வை பார்த்திருந்தால் வாயைத் திறந்திருப்பேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். அவர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்காகத்தான் காத்திருக்கிறார் என்று புரிந்தது. ஊரையே கூட்டிக் கத்துகிற எனக்கு அன்றைக்கு வாயில் கொழுக்கட்டை. டீ கிளாஸைத் தூக்கி ஒரு வாய் குடித்தேன். சூடுகூடத் தெரியவில்லை.

"திங்கட்கிழமைலேர்ந்து வர வேணாம்" என்றார் மேனேஜர்.

"சரிங்க சார்."

அக்கா வெளியே போனார். நான் என் மேஜைக்கு வந்தேன். பத்து நிமிடத்தில் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா வந்தார். கையில் அவருடைய சாமணம். ஸ்பிரிட்டில் துடைத்து, நுனி வளையாமல் பஞ்சு சுற்றியிருந்தது. மேஜையில் என் முன்னால் வைத்தார்.

"கம்பெனிச் சாமான் மேடம். அந்தக் கடைசி வரிசையில நாலு சின்னக் காய் இருக்கு, அது நிஜமா தடவினது. பாத்துக்கச் சொல்லுங்க."

பதினோரு வருட வேலையை ஒரு பொய்யில் இழந்துவிட்டுப் போகிறவர் காயைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்! எனக்கு அடிவயிற்றிலிருந்து அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் முழுக்க என் மேல். எழுந்து, கதவைத் தட்டாமல் மேனேஜர் அறைக்குள் போனேன்.

"சார், அவங்க எடுக்கத்தான் வந்தாங்க. எடுக்கக் கூடாதுன்னு கத்தினது நான். காலையில பூ விரிஞ்சிருச்சு விட்டுடட்டுமான்னு கேட்டாங்க. கிள்ளச் சொன்னது நான். நேத்துத் தேதி போடச் சொன்னதும் நான்."

அவர் பேனாவை மூடினார். கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார். "யோசிச்சுப் பேசுங்க மேடம். அவங்க காண்ட்ராக்ட். போனா அதோட முடிஞ்சுது. நீங்கன்னா மேல வரைக்கும் ரிப்போர்ட் போகணும். உங்க பேர் கெடும், என் பேரும் கெடும். நான் எதுவும் கேக்கல, நீங்க எதுவும் சொல்லல. ஆகலாமா?"

திறந்த கதவு அது. நுழைந்துவிட ஒரு நொடி மனசு முன்னால் போனதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "பேப்பர் குடுங்க சார்" என்றேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். போனில் சொன்ன வார்த்தைகள்கூட எழுதினேன். தமிழ்லதானே சொல்றேன் என்பதை ஆங்கிலத்தில் எழுதியபோது இன்னும் அசிங்கமாக இருந்தது.

வெளியே ஓடினேன். அக்கா கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றிருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன். எழுதிக் கொடுத்துவிட்டேன், திங்கட்கிழமை நீங்கள் வரலாம், சார் ஒப்புக்கொண்டார் என்று. கையைப் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன்.

"எத்தன நாளா தெரியும் உங்களுக்கு?"

"காய் பெருத்ததுலேர்ந்து."

"ரெண்டு மாசத்துக்கு மேல." அவர் விரலால்கூட எண்ணவில்லை. "தெனம் பக்கத்துல உக்காந்துதானே வந்தீங்க மேடம்." பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

பெரியவர்கள் வருகை ரத்தானது. என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்து ஒட்டுக் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே சுண்டை நாற்றின் தலையை வெட்டி, அதன் மேல் கத்திரிக் குருத்தைச் செருகிக் கிளிப் போடுவது வேலை. பத்தே நாளில் ஒட்டிக்கொள்ளும். சாகும்வரை சுண்டையின் வேரில் தண்ணீர் குடித்துக்கொண்டு கத்திரி ஜோராகக் காய்க்கும், வாடல் நோயும் கிட்ட வராது. ஆனால் அந்தக் காயின் விதையை எடுத்து விதைத்தால் சுத்தமான கத்திரி. ஒரே தண்டாக வாழ்ந்தும் அதற்குள் இதில் ஒரு துளி சேரவில்லை. வந்த புதிதில் இதைப் பார்த்து எரிச்சல் பட்டவள், இப்போது பேசாமல் கிளிப் போட்டேன். அக்கா வேலைக்கு வந்தார். மேடம் என்றுதான் கூப்பிட்டார், குரலில் குறை இல்லை. வேனில் மட்டும் டிரைவருக்குப் பின் சீட்டுக்கு மாறிக்கொண்டார். கடைசி வரிசையின் நாலு காயில் மூன்றில் உமி. நான்காவதில் இரண்டு விதைக் கருவைத் தோண்டி எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்தார்கள். ஒன்று கறுத்துவிட்டது. ஒன்று இலை விட்டது, வெட்டு வெட்டாக, முள்ளோடு. அது பூத்தபோது மகரந்தம் மலடுதான். ஆனாலும் அது அக்கா தடவிக் கட்டிய பூவில் பிறந்த செடி.

அடுத்த ஆயுத பூஜைக்குள் என் இடத்துக்கு வந்தவர் வேறு கம்பெனிக்குத் தாவிவிட, பழைய பொறுப்பு மறுபடி என்னிடம் வந்தது. அந்த வருடமும் வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி. தட்டில் குங்குமத்தோடு சாமணங்கள். தீபாராதனை முடிந்ததும் நானே செடிகள் நிற்கும் பாலிஹவுஸ் கூடாரத்துக்குள் போய் மொட்டுகளைப் பார்த்தேன். பதிமூன்று, காலையில் விரியும். வந்து, எல்லோர் முன்னாலும், தட்டிலிருந்து ஒரு சாமணத்தை எடுத்துக் குங்குமத்தைத் துடைத்தேன்.

"அக்கா, இந்தாங்க. பூவு லீவு போடாது. சாமி ஒண்ணும் சொல்லாது."

அவர் நீட்டிய சாமணத்தைப் பார்த்தார். பிறகு ஏப்ரன் பையிலிருந்து ஒரு சீட்டும் பேனாவும் எடுத்து என்னிடம் கொடுத்தார். கோபம் இல்லை, குத்தல் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எடுக்கச் சொன்னது நீங்கதான்னு இதுல எழுதித் தந்துடுங்க மேடம்."

பொரிக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன், அன்றைய தேதி. அவர் அதை இரண்டு தடவை படித்து, மடித்து, பர்ஸில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் சாமணத்தைக் கையில் வாங்கினார்.